ருமேனிய டோக்கரெவ் கைத்துப்பாக்கி: எட்டில் மூன்று வெடிக்கவில்லை, பேரலில் துரு வேறு. யாராவது சொல்லுங்கள்

கேட்டி_குமார்:
ஹூஸ்டன் பக்கத்தில் இருக்கிறேன். போன மாதம் ஒரு டிடிசி வாங்கினேன், அதாவது ருமேனியாவில் குஜிர் ஆலையில் செய்த டோக்கரெவ் (சோவியத் கைத்துப்பாக்கியின் நகல்), 1953 என்று பொறித்திருக்கிறது. ஐம்பது வருடம் தாண்டியது என்பதால் சி அண்ட் ஆர் லைசென்ஸில் (பழைய துப்பாக்கி சேகரிப்பவர்களுக்கானது, மூன்று வருடத்துக்கு 30 டாலர்) நேராக வீட்டுக்கே வந்தது. பிரித்துப் பார்த்தால் கருப்பட்டிப் பாகில் முக்கி எடுத்த மாதிரி முழுக்கக் காஸ்மோலின், துருப்பிடிக்காமல் இருக்கப் பூசும் கெட்டி கிரீஸ். ஸ்லைடை (மேலே நகரும் பகுதி) கழற்றி, பேரலை (குழல்) துடைத்து, எண்ணெய் போட்டுத் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு எடுத்துப் போனேன்.

முதல் மேகசினிலேயே (தோட்டா அடுக்கும் பெட்டி) எட்டில் மூன்று வெடிக்கவில்லை. வெறும் 'டிக்'. உடனே ஹேமரை (பின்பக்கம் அடிக்கும் சுத்தியல்) கட்டைவிரலால் இழுத்து மறுபடி அடித்தேன், இரண்டு வெடித்தன, ஒன்று கடைசிவரை மசியவில்லை. தோட்டா 1950களின் பழைய பல்கேரிய ராணுவச் சரக்கு, 7.62x25.

அன்று இரவே சால்வென்ட் விட்டுத் துடைத்து எண்ணெய் போட்டுத்தான் வைத்தேன். இரண்டு நாள் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால் பேரலுக்குள் ஆரஞ்சு நிறத்தில் துரு! வாங்கும்போது கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு கடையில் காட்டினேன், "எழுபது வருஷத்துப் பொருள், ஹேமர் ஸ்பிரிங் போயிருக்கும்" என்று பார்க்காமலேயே 120 டாலர் கேட்டார்கள். மாற்றிவிடலாமா?

டல்லாஸ்_தேவி:
ஸ்பிரிங் இருக்கட்டும் தம்பி, முதலில் இதைக் கேளுங்கள். 'டிக்' வந்ததும் உடனே ஹேமரை ஏற்றினேன் என்கிறீர்களே, அதை இனி செய்யாதீர்கள். பழைய சரக்கில் ப்ரைமர் (தோட்டாவின் அடியில் அடிபட்டதும் பற்றுகிற சிறு மூடி) தாமதமாகப் பற்றுவது உண்டு. துப்பாக்கி வாயைக் குறி பக்கமே வைத்துக்கொண்டு குறைந்தது 30 வினாடி அசையாமல் நில்லுங்கள், அப்புறம் மேகசினை எடுத்துவிட்டு ஸ்லைடை இழுத்துத் தோட்டாவை வெளியே தள்ளுங்கள். தோட்டா வெளியே வருகிற பக்கம் முகத்தைக் கொண்டு போகாதீர்கள். வெடிக்காததைக் குப்பையில் போடாமல் ரேஞ்சில் அதற்கென்று வைத்திருக்கும் டப்பாவில் போடுங்கள்.

வெடிக்காத தோட்டாவின் ப்ரைமரில் குழி எப்படி இருக்கிறது?

கேட்டி_குமார்:
சரி அக்கா, தெரியாமல் செய்துவிட்டேன். வெடித்ததில் பாதி மிளகு புதைகிற அளவுக்குப் பள்ளம், வெடிக்காததில் நகத்தால் கீறின மாதிரி லேசாக ஒரு தழும்பு, அவ்வளவுதான்.

பழைய_இரும்பு:
பழைய ராணுவத் தோட்டாவில் ப்ரைமர் கல் மாதிரி இருக்கும். துப்பாக்கியில் ஒன்றும் இல்லை, செல்லியர் பெல்லட் கம்பெனியின் புதுத் தோட்டா ஒரு டப்பா வாங்கிச் சுட்டுப் பாருங்கள், எல்லாம் வெடிக்கும்.

டல்லாஸ்_தேவி:
தோட்டா மட்டும் காரணம் என்றால் எல்லாவற்றிலும் குழி ஒரே ஆழத்தில் இருக்கும். இங்கே ஒன்று ஆழம், ஒன்று கீறல். ஃபயரிங் பின் (ப்ரைமரைக் குத்தும் ஊசி) ஒரு சமயம் ஓடுகிறது, ஒரு சமயம் சிக்குகிறது. குமார், ஃபயரிங் பின்னைக் கழற்றினீர்களா?

கேட்டி_குமார்:
இல்லை. அது கழலுமா?

டல்லாஸ்_தேவி:
அதானே பார்த்தேன் :) ஸ்லைடின் பின்பக்கம் குறுக்கே வெற்றுக்குழாய் மாதிரி ஒரு பின் தெரியும், அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. சரியான அளவு 'பஞ்ச்' (பின் தட்டி எடுக்கும் கம்பி) வைத்து மெதுவாகத் தட்டுங்கள், ஆணி வேண்டாம், விளிம்பு பிளந்துவிடும். குறுக்குப் பின் வரும்போது மறு கையால் பின்பக்கத்தை மூடிக்கொள்ளுங்கள், உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது, துள்ளி எங்காவது போய்விடும். நான் முதல் தடவை கராஜில் முக்கால் மணி நேரம் தவழ்ந்து தேடினேன். உள்ளே மினரல் ஸ்பிரிட் (பெயிண்ட் கரைக்கும் திரவம்) விட்டு ஊறவையுங்கள். ஹேர் டிரையர் சூட்டிலும் காஸ்மோலின் இளகும், ஆனால் இரண்டையும் சேர்த்துச் செய்துவிடாதீர்கள், ஸ்பிரிட் பற்றிக்கொள்ளும். கழுவின பிறகு அந்தத் துளைக்குள் எண்ணெய் ஊற்றாதீர்கள், அதுவும் நாளாவட்டத்தில் பிசினாகிவிடும்.

கழற்றும் முன் ஒரு சோதனை. தோட்டா எல்லாம் வேறு அறையில். சேம்பரை (பேரலில் தோட்டா உட்காரும் இடம்) கண்ணாலும் விரலாலும் இரண்டு தடவை பாருங்கள். வாயைப் பத்திரமான பக்கமாக மேலே நிறுத்தி, ஒரு பென்சிலை ரப்பர் முனை உள்ளே போகிற மாதிரி பேரலுக்குள் விட்டு ட்ரிக்கரை இழுங்கள். ஃபயரிங் பின் ஒழுங்காக அடித்தால் பென்சில் பறக்கும்.

ஓய்வு_ஹவில்தார்:
துருவைப் பற்றி யாருமே பேசவில்லையே. தம்பி, அந்தக் காலத்துச் சரக்கில் ப்ரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடாகி பேரல் முழுக்கப் படியும், நம் சமையல் உப்புக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஹூஸ்டன் ஈரக்காற்றுக்கு அது போதும். உப்பு சால்வென்டிலும் எண்ணெயிலும் கரையாது. நீங்கள் உப்பை உள்ளேயே வைத்து மேலே எண்ணெய் பூசியிருக்கிறீர்கள். கடலோரத்தில் வண்டி வைத்திருந்தவர்களைக் கேளுங்கள், முதலில் நல்ல தண்ணீர், அப்புறம்தான் எண்ணெய்.

303 ரைஃபிள் காலத்தில் புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றுவார்கள். அதையே செய்யுங்கள். பேரலைத் தனியாகக் கழற்றிச் சுடுதண்ணீர், அதே தண்ணீரில் நனைத்த துணியால் ஸ்லைடின் முகப்பு, ஃபயரிங் பின் நுனி. சூட்டில் தானே உலர்ந்துவிடும். உடனே சால்வென்ட், அப்புறம் மெல்லிய எண்ணெய். சுட்ட அன்றே செய்ய வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்கக் கூடாது.

பழைய_இரும்பு:
அப்படியே ஒன்று. அமெரிக்காவுக்கு இறக்குமதி செய்தபோது வைத்த சேஃப்டி (பாதுகாப்புப் பூட்டு) அதில் இருக்கும், அசல் டோக்கரெவில் கிடையாது. அது ட்ரிக்கரை மட்டும்தான் தடுக்கும். அதை நம்பி ஹேமரை ஏற்றி வைக்காதீர்கள். ஹேமரைப் பாதி இழுத்த அரை நிலையிலும் நிறுத்தி வைக்க வேண்டாம், கீழே விழுந்தால் ஹேமரைப் பிடித்திருக்கும் தேய்ந்த பல் தாங்குமா என்று சொல்ல முடியாது. சேம்பர் காலியாகவே இருக்கட்டும்.

கேட்டி_குமார் (பத்து நாள் கழித்து):
கழற்றுவதற்கு முன் பென்சில் சோதனை: இரண்டு அங்குலம் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே உள்ளே போய்விட்டது. குறுக்குப் பின்னைத் தட்டி எடுத்தால் ஃபயரிங் பின் வெளியே வர மறுத்தது, பின்னாலிருந்து பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று. அதன் மேல் பழுப்பாக, பாதி மெழுகு பாதி தார் மாதிரி ஒரு உறை. ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு நடுவே இடைவெளியே தெரியவில்லை. ஒரு இரவு ஊறவைத்து, பல்குத்தியால் சுரண்டி, துடைத்துப் போட்டேன். இப்போது பென்சில் கராஜ் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது.

அதே பல்கேரியத் தோட்டாவில் நாற்பது சுட்டேன், 39 வெடித்தன. மிச்சம் ஒன்றில் குழி ஆழமாகவே இருக்கிறது, அது தோட்டாவின் குற்றம்தான், பழைய_இரும்பு அண்ணன் சொன்னதும் கொஞ்சம் சரி. ஹேமர் ஸ்பிரிங்கைத் தொடவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து ஊற்றினேன் (மனைவிக்கு இன்னும் தெரியாது). நாலு நாளாகத் தினமும் ஒரு வெள்ளைத் துணி விட்டுப் பார்க்கிறேன், வெள்ளையாகவே வருகிறது. முதலில் வந்த துரு பித்தளை பிரஷில் போய்விட்டது, ஆனால் வாய்ப்பக்கம் ஊசி குத்தின மாதிரி நாலைந்து புள்ளி நின்றுவிட்டது. அது போகுமா?

ஓய்வு_ஹவில்தார்:
போகாது. மேலே வளராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாலைந்து புள்ளியால் குறி தவறாது.

டல்லாஸ்_தேவி:
குறுக்குப் பின் பழையதையேவா திரும்பப் போட்டீர்கள்? இறுக்கமாக உட்கார்ந்ததா?

கேட்டி_குமார்:
பழையதுதான் அக்கா. ரேஞ்சிலிருந்து வந்து பார்த்தால் ஒரு பக்கம் மயிரிழை அளவு வெளியே தள்ளியிருக்கிறது. புதிது ஆர்டர் போட்டிருக்கிறேன், வரும்வரை பெட்டியில்தான்.