காப்புரிமைத் தரவை வைத்துத் தோல் தொழிலில் அடுத்து வருவதைக் கண்டுபிடிக்க முடியுமா?

ராணிப்பேட்டை டேனரி:
எங்கள் டேனரியில் இன்னும் சுண்ணாம்பும் சல்பைடும் போட்டுத்தான் முடி நீக்குகிறோம், அந்த நாற்றம் சட்டையோடு வீடுவரை வருகிறது. நொதி முறை எவ்வளவு தூரம் வளர்ந்திருக்கிறது என்று காப்புரிமைகளில் பார்க்க ஆசை. எங்கே ஆரம்பிப்பது?

ஆம்பூர்வாசி:
எஸ்பேஸ்நெட் என்று ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடல் தளம் இருக்கிறது, இலவசம், அங்கேயே தொடங்குங்கள். சொல்லை மட்டும் நம்பாமல் வகைப்பாட்டுக் குறியீட்டை, அதாவது எந்தத் துறை என்று ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தரும் குறியீட்டை, வைத்துத் தேடுங்கள். தோல் பதனிடும் வேதியியல் சி14சி (C14C), நுண்ணுயிரிகளும் நொதிகளும் சி12என் (C12N), இரண்டும் ஒரே விண்ணப்பத்தில் இருந்தால் அங்கேதான் இரு துறைகளும் சேர்கின்றன. அதை வருடவாரியாக எண்ணி, சி14சி மொத்தத்தில் எவ்வளவு பங்கு என்று பாருங்கள், வெறும் எண்ணிக்கை ஏமாற்றிவிடும். அப்புறம், செயற்கைத் தோலுக்கான டி06என்னோடு (D06N) சி12என் சேர்வதையும் விடாதீர்கள். காளான் இழையில் தோல் மாதிரி செய்கிறவர்களை அங்கே பார்க்கலாம், ஷூ ஆர்டரை நம்பிப் பிழைக்கும் நம் ஊருக்கு அது ரொம்ப முக்கியம்.

காட்பாடி:
விண்ணப்பம் வெளியாகப் பொதுவாக 18 மாதம் ஆகும், அதனால் வருடவாரி வரைபடத்தில் கடைசி இரண்டு வருடம் கோடு இறங்கினால் பயப்படாதீர்கள். ஒரே கண்டுபிடிப்பைப் பல நாடுகளில் பதிவு செய்வார்கள், அதையெல்லாம் ஒரு குடும்பமாக எண்ணுங்கள்.

ராணிப்பேட்டை டேனரி:
சரி அண்ணா, இன்று ராத்திரியே உட்காருகிறேன்.