மனஸ்லு: கயிறு முடியும் இடம்தான் உச்சியா?

பொதிமூட்டை:
அடுத்த செப்டம்பரில் மனஸ்லு போகலாம் என்றிருக்கிறேன். நேபாளத்தில் இருக்கிறது, 8,163 மீட்டர், உயரத்தில் உலகின் எட்டாவது மலை. தனியாகப் போகும் ஆள் இல்லை நான். காத்மாண்டு ஏஜென்சி ஒன்றின் குழுவோடு, எனக்கென்று ஒரு ஷெர்பா, மூன்றாம் முகாமுக்கு மேல் ஆக்சிஜன் என்று திட்டம்.

விலை கேட்ட இடங்களில் ஒரு ஏஜென்சி மற்றவர்களைவிடக் கணிசமாகக் குறைத்துச் சொல்லியிருக்கிறது. ஆனால் அவர்கள் அனுப்பிய திட்டத்தில் இரண்டு வரிகள் உறுத்துகின்றன. ஒன்று, கடைசி நாளுக்கு நேரே "உச்சி அல்லது முன்னுச்சி, நிலைமையைப் பொறுத்து" என்று போட்டிருக்கிறது. இன்னொன்று, முன்னுச்சியோடு திரும்பினாலும் ஷெர்பாவுக்கு உச்சி போனஸ் முழுதாகத் தர வேண்டுமாம். உச்சிக்கே போகாமல் எதற்கு உச்சி போனஸ்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பனிக்கோடாரி:
அந்த முதல் வரியைப் பார்த்ததுமே வேறு ஏஜென்சி தேடியிருக்க வேண்டும் நீங்கள்.

பின்கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மனஸ்லுவின் மேல்முகடு ஒரே கூம்பு அல்ல. நான்காம் முகாமிலிருந்து ஏறி வந்தால் முதலில் ஒரு மேடு வரும், அதுதான் முன்னுச்சி. அங்கிருந்து கத்திமுனை மாதிரி குறுகலான முகடு ஒன்று நீள்கிறது, அதன் கோடியில்தான் நிஜ உச்சி. பல ஆண்டுகளாக இலையுதிர்காலத்தில் எல்லோரும் பிடித்து ஏற ஏஜென்சிகள் சேர்ந்து கட்டும் நிலைக்கயிறு அந்த முதல் மேட்டருகே முடிந்துவிடும். கிளையண்ட்கள் கயிற்றைப் பற்றும் ஜூமார் கருவியைத் தள்ளிக்கொண்டு அங்கே வந்து, கொடியைப் பிடித்துப் படமெடுத்து, திரும்பிவிடுவார்கள். அதுதான் உச்சி என்று கைடு சொன்னார், இவர்களும் நம்பினார்கள்.

2021 செப்டம்பர் 27 அன்று ஜாக்சன் குரோவ்ஸ் என்பவர் ட்ரோனில் எடுத்த ஒரு படம் எல்லாவற்றையும் கலைத்துப்போட்டது. முன்னுச்சியில் ஒரு கூட்டம் நிற்கிறது. நேபாள மலையேறி மிங்மா ஜி தலைமையிலான குழு மட்டும் அதைத் தாண்டி, முகட்டின் மேல் நடக்காமல் சரிவில் கொஞ்சம் இறங்கி, பக்கவாட்டாகக் கடந்து, மறுபடி ஏறி நிஜ உச்சியில் நிற்கிறது. மறைக்க வழியே இல்லை. எலிசபெத் ஹாலி தொடங்கிவைத்த, நேபாள மலையேற்றங்களைப் பதிந்துவைக்கும் ஹிமாலயன் டேட்டாபேஸ் உடனே முடிவெடுத்தது: 2022 முதல் அந்தக் கடைசிப் புள்ளியைத் தொட்டவருக்கே உச்சி, மற்றவர்களுக்கு முன்னுச்சி.

அதற்குப் பிறகும் "அல்லது" என்று எழுதுகிற ஏஜென்சி, தன் வேலையைக் குறைத்துக்கொள்ள முன்கூட்டியே அனுமதி கேட்கிறது.

மேற்குமலையான்:
பனிக்கோடாரி சார், மலையை ஸ்கேல் வைத்து அளக்க ஆரம்பித்துவிட்டீர்கள். முன்னுச்சிக்கும் நிஜ உச்சிக்கும் உயர வித்தியாசம் சில மீட்டர்தான். 4,800 மீட்டர் பேஸ் கேம்பிலிருந்து மூவாயிரம் மீட்டருக்கு மேல் ஏறி வந்தவனிடம் "நீ ஏறவில்லை" என்று சொல்வது என்ன நியாயம்?

அந்தக் கடைசித் துண்டு எப்படிப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மழைக்காலப் பனி முழுவதும் குவிந்திருக்கும் பருவம் அது. காற்று ஒதுக்கிய பனி, பாறைக்கு வெளியே கூரைத் தாழ்வாரம் போல அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். மேலே நிற்பவனுக்குக் காலடியில் பாறை இருக்கிறதா, வெறும் காற்று இருக்கிறதா என்று தெரியாது. அங்கே ஒரு கைடு "போதும், திரும்பலாம்" என்றால் அதை ஏமாற்று என்பீர்களா, பொறுப்பு என்பீர்களா?

டேட்டாபேஸ்காரர்களே பழையவற்றைத் திருத்தவில்லை. 1956 முதல் 2021 வரை முன்னுச்சியையும் உச்சியாக ஏற்றிருந்தோம், அப்போது இந்த அளவு விவரம் தெரியாது என்று குறிப்பு எழுதிவிட்டு விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு இருக்கும் பெருந்தன்மை இங்கே சிலருக்கு இல்லை.

பனிக்கோடாரி:
திரும்புவதை யார் குறை சொன்னது? தாராளமாகத் திரும்பட்டும். திரும்பியவர் "முன்னுச்சி வரை போனேன்" என்று சொல்லட்டும், அவ்வளவுதான். முன்பு தெரியாமல் நடந்தது. இப்போது தெரிந்தே நடந்தால் அதற்கு வேறு பெயர்.

சந்தேகராமன்:
இரண்டு பேரும் தப்பான இடத்தில் சண்டை போடுகிறீர்கள். அடுத்தவன் கட்டிய கயிறு, அடுத்தவன் சுமந்த கூடாரம், அடுத்தவன் உருக்கிய பனித்தண்ணீர், முகத்தில் ஆக்சிஜன். இதில் உச்சி தொட்டால் என்ன, பத்தடி முன்னால் நின்றால் என்ன? 1978ல் மலையேறிகள் மெஸ்னரும் ஹாபெலரும் எவரெஸ்டில் சிலிண்டர் இல்லாமல் ஏறிக் காட்டினார்கள். அது மலையேற்றம். இது பேக்கேஜ் டூர்.

மேற்குமலையான்:
வந்துட்டாருய்யா!

1956 மே 9 அன்று மனஸ்லுவில் முதலில் கால் வைத்தது இருவர். ஜப்பானியர் தோஷியோ இமானிஷி, அவரோடு ஷெர்பா கியால்ஸென் நோர்பு. கியால்ஸென் அதற்கு முந்தைய ஆண்டு பிரெஞ்சுக் குழுவோடு மகாலு மலையின் உச்சிக்கும் போனவர். ஷெர்பா இருந்தால் அது மலையேற்றம் இல்லை என்றால், இந்த மலையில் மலையேற்றமே நடந்ததில்லை.

சந்தேகராமன்:
ஷெர்பா இருப்பதை நான் சொல்லவில்லை. இருவரும் சேர்ந்து ஏறுவதும், ஒருவர் ஏற்றிவிட மற்றவர் ஏறுவதும் ஒன்றா? யோசியுங்கள். வாதத்துக்காக இமானிஷியை இழுக்காதீர்கள்.

நைட்டிங்கேல்:
நான் மலையேறி இல்லை, தீவிர சிகிச்சைப் பிரிவு செவிலி. ஆக்சிஜன் பேச்சு வந்ததால் ஒரு சின்னக் கணக்கு மட்டும். மேலே கொண்டுபோகும் சிலிண்டர் வழக்கமாக நான்கு லிட்டர் கொள்ளளவு. 300 பார் அழுத்தத்தில் நிரப்பினால் சுமார் 1,200 லிட்டர் வாயு. நிமிடத்துக்கு 2 லிட்டர் விட்டால் பத்து மணி நேரம், 4 லிட்டர் விட்டால் ஐந்து மணி நேரம். ஏறும்போது யாரும் 2 லிட்டரில் இருக்க மாட்டார்கள். அதனால் முன்னுச்சிக்கும் உச்சிக்கும் நடுவே தூரம் எவ்வளவு என்று கேட்காதீர்கள், எவ்வளவு நேரம் ஆகும் என்று கேளுங்கள். ஒரே கயிற்றில் போகிறவர்களும் வருகிறவர்களும் ஒதுங்க இடமில்லாமல் நின்றால், அந்தச் சில மீட்டர் ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். கூடவே மூளையில் நீர் கோக்கத் தொடங்கியவருக்குத் தான் தடுமாறுவதே தெரியாது. திரும்பும் முடிவை அவரிடம் விடவே கூடாது.

குளிர்தாங்கி:
மொத்தம் எவ்வளவு ஆகும் ப்ரோ?

பொதிமூட்டை:
எனக்குச் சொல்லப்பட்டவை எல்லாம் பத்தாயிரம் டாலருக்கு மேல்தான். உடை, பூட்ஸ், விமானம் தனி. நைட்டிங்கேல் அக்கா, அந்த நேரக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி.

காத்மாண்டுவாசி:
அண்ணே, நான் காத்மாண்டுவில் தமேல் பகுதியில் விடுதி நடத்தும் ஒருவரிடம் வேலை செய்கிறேன். பருவம் தொடங்கினால் நம்ம லாபி முழுக்க டஃபில் பைகள்தான். ஷெர்பாக்கள், சமையல்காரர்கள், ஏஜென்சி மேனேஜர்கள் எல்லோரும் வந்து போவார்கள். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

உங்களை உறுத்தும் இரண்டு வரிகளில் இரண்டாவது வரி நல்ல வரி. அதைப் போய்க் குறை சொல்லாதீர்கள்.

உச்சி போனஸ் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். சம்பளத்துக்கு மேல், கிளையண்ட் உச்சி தொட்டால் ஒரு தொகை. பல குடும்பங்களுக்கு அந்த ஆண்டின் பெரிய வருமானமே அதுதான். கிளையண்ட் உச்சி தொடாவிட்டால் பாதி, அல்லது ஒன்றுமில்லை. இப்போது அந்த ஷெர்பாவின் இடத்தில் நில்லுங்கள். கயிறு முன்னுச்சியோடு முடிந்துவிட்டது. கிளையண்ட் மூச்சுவாங்கிக்கொண்டு "உச்சி வந்துவிட்டதா?" என்று கேட்கிறார். "இல்லை" என்றால் இரண்டு பேரும் கயிறில்லாத முகட்டில் போக வேண்டும், அல்லது பணம் போகும். "ஆமாம்" என்றால் எல்லோருக்கும் சந்தோஷம். அத்தனை ஆண்டுகள் முன்னுச்சியே உச்சியாக இருந்ததற்கு அறியாமை மட்டுமா காரணம்?

இன்னொரு பக்கமும் உண்டு. உச்சிக்கு மட்டும்தான் பணம் என்றால், வானிலை கெடும்போது திரும்பச் சொல்ல வேண்டியவருக்கே திரும்பினால் நஷ்டம். இதைவிட மோசமான ஏற்பாடு உண்டா? உங்கள் ஏஜென்சி எங்கே திரும்பினாலும் முழுப் போனஸ் என்று எழுதியிருந்தால், உங்கள் ஷெர்பா உங்களிடம் உண்மை பேச விலை கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். சந்தோஷமாகக் கொடுங்கள்.

கயிறு யார் கட்டுவது என்றும் யோசியுங்கள். ஏஜென்சிகள் பணம் போட்டுச் சில ஷெர்பாக்களை முன்னால் அனுப்புகின்றன. உங்களுக்கு முன்னால் கயிறே இல்லாமல் அந்த முகட்டில் போகிறவர்கள் அவர்கள். "கடைசி மீட்டர் வரை கயிறு வேண்டும்" என்று இங்கே உட்கார்ந்து எழுதுவது சுலபம். 2022 செப்டம்பர் 26 அன்று மூன்றாம், நான்காம் முகாம்களுக்கு நடுவே பனிச்சரிவு வந்தபோது மாட்டிக்கொண்டவர்களில் மேல் முகாமுக்குச் சாமான் கொண்டுபோனவர்கள் எத்தனையோ பேர். உயிரும் போயிற்று.

பனிக்கோடாரி:
தம்பி, போனஸ் பற்றிச் சொன்னதை முழுதாக ஏற்கிறேன். கயிறு பற்றிச் சொன்னதைத்தான் ஏற்க முடியவில்லை. அந்த ஆபத்து கூலியில் தெரிய வேண்டும், காப்பீட்டில் தெரிய வேண்டும். 2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்டின் கும்பு பனியருவியில் 16 நேபாள ஊழியர்கள் இறந்தார்கள். அரசு முதலில் குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய் என்று அறிவித்தது. ஷெர்பாக்கள் கொதித்தெழுந்து அந்த ஆண்டு ஏற்றத்தையே நிறுத்திய பிறகுதான் உயிர்க்காப்பீடு பத்து லட்சத்திலிருந்து பதினைந்து லட்சமாக உயர்ந்தது. இவ்வளவு நடந்தும் ஏஜென்சிகள் விலையைக் குறைத்துப் போட்டிபோடுகின்றன. அந்தக் குறைப்பு யார் தலையில் விழுகிறது? பொதிமூட்டைக்குக் கிடைத்த மலிவு விலையில் கயிற்றுச் செலவும் அடக்கமா, இல்லை "முன்னுச்சி" என்ற வார்த்தையில் அதைக் கழித்துவிட்டார்களா?

மேற்குமலையான்:
இது நல்ல கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கூலி, காப்பீடு என்று பேச்சை மாற்றிவிட்டீர்கள். உச்சி விஷயத்துக்கு வாருங்கள்.

கஞ்சன்ஜங்கா, 1955 மே 25. ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும் உச்சிக்குச் சில அடி கீழே நின்றுவிட்டார்கள். சிக்கிம் மக்களுக்கு அது தெய்வம், உச்சியை மிதிக்க மாட்டோம் என்று அரசருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். 8,586 மீட்டர் மலையின் முதல் ஏற்றம் என்று உலகமே அதை ஏற்கிறது. அவர்களுக்குச் சில அடி மன்னிப்பு, நம்ம பொதிமூட்டைக்குக் கிடையாதா?

மனஸ்லுவிலும் அந்த நம்பிக்கை உண்டு. 1953ல் வந்த ஜப்பான் குழு மலைத் தெய்வத்தைக் கோபப்படுத்தியதால்தான் பனிச்சரிவு வந்து மடாலயத்தை அழித்தது என்று நம்பிய மலையடிவார ஊரான சாமாகாவ் மக்கள், 1954ல் வந்த குழுவை ஊருக்குள்ளேயே விடவில்லை. உச்சியை ஒருவர் மிதிக்காமல் வந்தால் அவர்கள் ஒன்றும் வருத்தப்பட மாட்டார்கள்.

பனிக்கோடாரி:
பிரவுனும் பேண்டும் நின்ற இடத்தை அவர்களே சொன்னார்கள். ஏன் நின்றோம் என்றும் சொன்னார்கள். யாரும் ட்ரோன் அனுப்பிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. நீங்கள் எடுத்துக்காட்டாகக் கொண்டுவந்ததே என் கட்சிக்காரர்.

அமெரிக்க மலையேறி எட் வீஸ்டர்ஸையும் பாருங்கள். 1993ல் திபெத்தின் ஷிஷாபங்மா மலையில் நடு உச்சியோடு திரும்பினார். முக்கிய உச்சி இன்னும் கொஞ்சம் தள்ளி, முகடு ஆபத்தாக இருந்தது. உச்சி தொட்டதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. 2001ல் திரும்பப் போய்த் தொட்டார்.

மேற்குமலையான்:
அதே வீஸ்டர்ஸ் கதையின் மீதியையும் சொல்லுங்கள் சார். 2023ல் கின்னஸ்காரர்கள், மெஸ்னர் 1985ல் அன்னபூர்ணாவில் சில மீட்டர் முன்னால் நின்றிருக்கலாம் என்ற ஆய்வை வைத்து, எட்டாயிரம் மீட்டருக்கு மேலான பதினான்கு மலைகளையும் முதலில் முடித்தவர் என்ற பெயரை மெஸ்னரிடமிருந்து எடுத்து வீஸ்டர்ஸுக்குக் கொடுத்தார்கள். அவர் என்ன சொன்னார்? மெஸ்னர்தான் முதல் என்றார். தன் விஷயத்தில் கறாராக இருந்த மனிதர், அடுத்தவரைச் சில மீட்டரால் அளக்கவில்லை. நீங்கள் நேர்மாறாகச் செய்கிறீர்கள்.

பனிக்கோடாரி:
நன்றாக மடக்கினீர்கள். ஆனாலும் மெஸ்னரிடம் யாரும் சான்றிதழ் விற்கவில்லை. 2016ல் புனேயைச் சேர்ந்த காவலர் தம்பதி எவரெஸ்ட் படத்தை ஒட்டுவேலை செய்து நேபாள அரசின் சான்றிதழே வாங்கினார்கள். பிறகு அதை ரத்து செய்து பத்து ஆண்டு தடை போட்டார்கள். முன்னுச்சியும் போலிப் படமும் ஒன்று என்று சொல்லவில்லை, அடிக்க வராதீர்கள். ஏஜென்சி சொன்னால் சான்றிதழ் வந்துவிடும் என்பதற்காகச் சொல்கிறேன். அதைக் காட்டி நம் ஊரில் விருது, வேலை, ஸ்பான்சர் என்று எவ்வளவோ கேட்கலாம். அதனால்தான் இடம் துல்லியமாக இருக்க வேண்டும்.

சந்தேகராமன்:
சான்றிதழே கொடுக்காதீர்கள். எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று அப்போது பார்ப்போம்.

பொதிமூட்டை:
ஏஜென்சிக்கு எழுதினேன். கயிறு நிஜ உச்சி வரை உண்டா, எத்தனை மணிக்குத் திரும்புவது, அதை யார் முடிவு செய்வது என்று கேட்டேன். பதில் வந்துவிட்டது. கயிறு கட்டுவது பொதுக்குழு, எங்கள் கையில் இல்லை, கட்டியிருந்தால் போவோம், திரும்பும் நேரத்தை ஷெர்பா சொல்வார், நீங்கள் மறுக்க முடியாது, முன்னுச்சியோடு திரும்பினால் முன்னுச்சி என்றே அறிக்கை தருவோம். போனஸ் வரியை எடுக்க முடியாது என்றும் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

காத்மாண்டுவாசி:
கடைசி இரண்டு வரிக்காகவே இவர்களோடு போகலாம் அண்ணே.

மேற்குமலையான்:
நேர்மையான பதில். இதைத்தான் அந்த "அல்லது" சொல்ல வந்தது.

பனிக்கோடாரி:
சொல்வதை எல்லோரும் சொல்வார்கள். ஹிமாலயன் டேட்டாபேஸ் இப்போது இலவசம், கணினியில் இறக்கிக்கொள்ளலாம். 2022க்குப் பிறகு அந்த ஏஜென்சி மனஸ்லுவுக்குக் கூட்டிப்போனவர்களில் எத்தனை பேருக்கு உச்சி, எத்தனை பேருக்கு முன்னுச்சி என்று பதிந்திருக்கிறது என்று தேடுங்கள். ஒரே நாளில் மற்றவர்கள் உச்சி தொட்டு இவர்கள் மட்டும் திரும்பியிருந்தால், ஏன் என்று கேட்டு எழுதுங்கள். அட்வான்ஸ் அதற்கப்புறம் அனுப்பினால் போதும்.

பொதிமூட்டை:
இறக்கிக்கொண்டிருக்கிறேன். இந்த மென்பொருளைத் திறப்பதே தனி ஏற்றமாக இருக்கும் போலிருக்கிறதே, யாராவது உதவுங்கள்.