பொருள்: சீபாப் குழாய்க்குள் தேங்கும் நீருக்கு ஒரு சொல்

ஐயாவுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

உறக்கத்தில் மூச்சு தடைபடுவோருக்கு முகமூடி வழியே அழுத்தத்தோடு காற்றுத் தரும் இயந்திரம் சீபாப் (CPAP). அந்தக் காற்றை ஈரமாக்கும் ஈரமூட்டியால் குழாய்க்குள் நீர் தேங்குவதற்கு 'நீர்கோப்பு', 'ஒடுங்கல்', 'குழாய் மழை' என்ற சொற்கள் நம் சொற்பட்டியலுக்கு வந்திருக்கின்றன.

'நீர்கோப்பு' காதுக்கு இனிதாக இருந்தாலும் நான் அதற்கு உடன்படவில்லை. சித்த வைத்தியத்தில் நீர்க்கோவை என்பது மூக்கடைப்பும் தலைப்பாரமும் சேர்ந்த நோய். "நீர்கோப்பு வந்தால் ஈரமூட்டியைக் குறையுங்கள்" என்று கிளிநொச்சியில் ஒருவரிடம் சொன்னால், தடிமனுக்குத்தான் சொல்கிறோம் என்று எடுத்துக்கொள்வார். மூக்கடைப்புக்குப் பெரும்பாலும் ஈரத்தைக் கூட்டுவதே வழக்கம். எங்கள் குறிப்பே அவரைக் கெடுத்துவிடும்.

ஆவி நீராவதை 'ஒடுங்கல்' என்பது எங்கள் இலங்கைப் பாடநூலுக்குச் சரி. ஆனால் நாங்கள் தாழ்த்தல் (reduction) என்னும் வேறொரு இரசாயனத் தாக்கத்தைத் தமிழக வேதியியல் ஒடுக்கம் என்கிறது, இரண்டும் குழம்பும். 'குழாய் மழை' வேண்டவே வேண்டாம். வன்னியில் மழை என்றால் மகிழ்வார்கள். நடுச்சாமத்தில் மூக்கில் தண்ணீர் சொட்டி எழும்பியவர் மகிழமாட்டார்.

என் முன்மொழிவு 'குழாய் வேர்ப்பு'. ஈரமூட்டியிலிருந்து வரும் வெதுவெதுப்பான ஈரக்காற்று, குளிர்ந்த குழாயில் பட்டு நீராகிறது. வறண்ட சோளகக் காற்று வீசும் மாதங்களில் மூக்கு காய்ந்து எரிகிறதென்று ஈர அளவைக் கூட்டியவர்கள், மார்கழிப் பனியிலும் அதே அளவில் விட்டுவிடுகிறார்கள். யன்னலும் திறந்திருந்தால் கேட்கவே வேண்டாம். வேர்க்கிறது என்றதுமே குழாய்க்குக் குளிர்கிறது என்பது விளங்கிவிடும். துணி உறை போட்டுப் போர்த்தலாம். இயந்திரத்தைக் கட்டிலைவிடத் தாழ்வாக வைத்தால் நீர் முகமூடிக்கு வராமல் திரும்பி ஓடும். ஈரத்தைக் குறைப்பதை நான் அதற்குப் பிறகுதான் சொல்வேன்.

'வாய்க்கசிவு' பட்டியலில் கட்டாயம் இருக்கட்டும். வாய் திறந்து காற்று வெளியேறினால், மூக்கினூடாக அது ஒரே திசையில் ஓடிச் சவ்வைக் காயவைத்து வீங்கச் செய்கிறது. மூக்கு அடைக்க, வாய் இன்னும் திறக்கிறது. இதை ஈரத்தால் மட்டும் தீர்க்க முடியாது. முகமூடியைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

ஈரமூட்டித் தொட்டியில் ஊற்றும் 'காய்ச்சி வடித்த நீர்' என்பதைச் சுருக்க வேண்டாம். 'வடித்த' விடுபட்டால் எல்லோரும் கொதித்தாறிய நீர் என்றே வாசிப்பார்கள். கொதிப்பதால் கிருமி சாகும், உப்பு போகாது. கேத்திலில் எங்கள் கிணற்று நீர் விடும் வெள்ளைப் படிவு ஈரமூட்டித் தொட்டியிலும் படியும்.

*

தங்கைக்கு,

நீர்கோப்பை மீளப்பெறுகிறேன், நீர்க்கோவையோடு மோதுவது வீண். ஆனால் வேர்வை உடலின் வெளியே அல்லவா வரும்? இது குழாயின் உள்ளே நிற்கும் நீர். 'உள்வேர்ப்பு' என்றால் என்ன?

*

ஐயா, சோற்றுப்பானை மூடியின் அடிப்பக்கத்தையும் வேர்த்திருக்கிறது என்றுதானே சொல்கிறோம்? அங்கே யாரும் 'உள்' சேர்ப்பதில்லை. அகராதிப் பதிவில் வேண்டுமானால் உள்வேர்ப்பு என்றும் குறிக்கலாம். நோயாளர் கையேட்டில் குழாய் வேர்ப்பு போதும்.

இன்னொன்று. சூடேற்றும் கம்பி பொருத்திய குழாய்க்குச் 'சுடுகுழாய்' என்று எழுதியிருக்கிறீர்கள். சுடுகலன், சுடுகுழல் என்று துப்பாக்கிப் பெயர்கள் பழகிய காதுகள் இங்குள்ளவை. அந்தப் பெயரோடு ஒரு பொருளை முகத்தில் மாட்டிக்கொண்டு படுக்கச் சொல்ல என்னால் முடியாது. 'இளஞ்சூட்டுக் குழாய்' என்று மாற்றிவிடுங்கள்.