படகின் பின்மேடைக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது: துளையிட்டு எபாக்சி ஊற்றினால் போதுமா?

வங்கக்கரை (கேள்வி):

வணக்கம். புதுச்சேரியில் முக்குளிப்பவர்களைக் கடலுக்கு அழைத்துச் செல்லும் ஃபைபர் படகு ஒன்றை நடத்திவருகிறேன். நீரிலிருந்து ஏறுவோர் கால் வைப்பதற்காகப் பின்சுவரில் போல்ட் போட்டுப் பொருத்தியிருக்கும் மேடை, ஏணிக்கு அருகே மிதித்தால் அமுங்குகிறது. ஏணியின் போல்ட் ஒன்றைக் கழற்றியபோது கடுந்தேநீர் நிறத்தில் தண்ணீர் வடிந்தது. ஊறிய மரத்தின் புளித்த வாடையும் வந்தது. மேலும் கீழும் ஃபைபர் தோல், நடுவே பிளைவுட் என்பதுதான் மேடையின் அமைப்பு. மேல்தோலில் ஏணியைச் சுற்றி மயிரிழை விரிசல்கள் ஓடுகின்றன. மற்றபடி மேற்பரப்பு நன்றாகவே இருக்கிறது.

ஃபைபர் வேலை தெரிந்த ஒருவர், வரிசையாகத் துளைகள் போட்டு எபாக்சியை (ஹார்ட்னர் எனும் இறுக்கும் பாகத்தைக் கலந்து பயன்படுத்தும் ரெசின் பசையை) ஊற்றினால் உள்ளே இருக்கும் பலகை கெட்டிப்பட்டுவிடும் என்கிறார். இன்னொருவர், தோலை வெட்டித் திறந்து பலகையையே மாற்ற வேண்டும் என்கிறார். முதுகில் சிலிண்டரும் இடுப்பில் ஈயக்கட்டியுமாக ஆட்கள் ஏறும் இடம் என்பதால் அரைகுறையாக விட எனக்கு மனம் வரவில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேலை முடிய வேண்டும். எந்த வழி சரி?

அலைவாய்:

இரண்டாமவர் சொல்வதே சரி. எபாக்சி காய்ந்த மரத்துக்குள்தான் ஊறும்; தண்ணீர் நிறைந்திருக்கும் இடத்தில் அது நுழைவதற்கு இடமே இல்லை. துளைகளைச் சுற்றிச் சிறு கட்டிகளாக அது இறுகி நிற்க, அவற்றுக்கு இடையில் இருக்கும் பலகை தொடர்ந்து மட்கிக்கொண்டிருக்கும். மேடை சில மாதங்களுக்கு உறுதியாகத் தோன்றும் என்பதுதான் இந்த முறையின் ஆபத்து.

வெட்டுவதற்கு முன் சேதத்தின் எல்லையைக் கண்டுகொள்ளுங்கள். பிளாஸ்டிக் தலையுள்ள சிறு சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிவாருங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். தோலும் பலகையும் பிரிந்துவிட்ட இடமும், பலகை மட்கிய இடமும் மந்தமாக ஒலிக்கும். ஒலி மாறும் கோட்டைப் பென்சிலால் குறித்து, அந்தக் கோட்டுக்கு வெளியே அடிப்பக்கத்திலிருந்து மெல்லிய துரப்பணத்தால் சில துளைகள் போட்டுப் பாருங்கள். வெளிறிய, உலர்ந்த தூள் வந்தால் அங்கே பலகை நலமாக இருக்கிறது. கறுத்து ஈரமாகத் துரப்பணத்தில் அப்பிக்கொண்டு வந்தால் கோட்டை இன்னும் தள்ளிப் போட வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. மேடையைப் பின்சுவரோடு பிணைக்கும் போல்ட் துளைகளின் வழியாகவும் தண்ணீர் பயணம் செய்திருக்கலாம். பல ஃபைபர் படகுகளில் பின்சுவருக்குள்ளும் பிளைவுட்தான் இருக்கிறது. எஞ்சினின் பாரத்தைத் தாங்குவது அந்தச் சுவர். ஆகவே மேடையைக் கழற்றியதும் முதலில் அந்தத் துளைகளின் உள்விளிம்பைச் சோதியுங்கள். அங்கே ஈரம் இருந்தால், பின்சுவரைச் சரிசெய்த பிறகே மேடைக்குச் செலவு செய்ய வேண்டும்.

தச்சன்துறை:

மேடை கழற்றக்கூடியதாக இருப்பது உங்கள் நல்வாய்ப்பு. அதைப் பட்டறையில் தலைகீழாகக் கவிழ்த்து, அடித்தோலை வெட்டித் திறக்குமாறு சொல்லுங்கள். மேல்பக்கத்தின் வழுக்காத வார்ப்புக்கோலம் அப்படியே பிழைக்கும். ரெசினும் கீழே வடியாமல் பூசிய இடத்திலேயே நிற்கும். விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே விட்டு, கத்தியின் ஆழத்தைத் தோலின் கனத்துக்குச் சரியாக வைத்து வெட்டினால், எடுத்த தோலையே மறுபடி ஒட்டிக்கொள்ளலாம்.

மட்கிய பலகையைச் சுரண்டி எடுத்த பிறகு உட்புறத்தை நல்ல தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள். உப்பு தங்கிவிட்டால் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். (மரத்தை விரைவில் மட்கவைப்பது பெரும்பாலும் கடல்நீர் அல்ல, படகு சும்மா நிற்கும்போது இறங்கும் மழைநீர்தான், உப்புநீரில் மரத்தைத் தின்னும் பூஞ்சை அவ்வளவு எளிதில் வளர்வதில்லை.) காய்ந்துவிட்டதா என்பதை அறிய, ஒரு பாலித்தீன் தாளை விரித்து நான்கு ஓரங்களையும் நாடாவால் ஒட்டி வெயிலில் விட்டுவிடுங்கள். தாளின் உட்பக்கத்தில் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை என்று பொருள். பருவமழை நெருங்குகிறது என்பதற்காக இந்த ஒரு கட்டத்தை மட்டும் அவசரப்படுத்த வேண்டாம்.

புதிய பலகைக்கு ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் பிளைவுட் போதும். அதன் இருபுறமும், குறிப்பாக வெட்டிய ஓரங்களிலும், ஹார்ட்னர் மட்டும் கலந்த, தூள் சேர்க்காத எபாக்சியைப் பலகை குடிக்கும் வரை பூசுங்கள். பிறகு சிலிக்கா தூள் கலந்து வடைமாவுப் பதத்துக்குக் கெட்டியாக்கிய எபாக்சியைப் பல் வெட்டிய கரண்டியால் பரப்பி, சிறு துளைகள் போட்ட பலகையை அதன்மேல் அழுத்தி, மணல்மூட்டைகளை ஏற்றுங்கள். எல்லாத் துளைகளிலிருந்தும் எபாக்சி பிதுங்கி வந்தால்தான் உள்ளே காற்றிடம் இல்லை என்று நம்பலாம்.

இந்தப் பூச்சு வேலையை மாலையில் செய்யுங்கள். காலை வெயில் ஏற ஏறப் பலகைக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளிவரும். ரெசின் முழுக்கக் குமிழிகள் விழும். பொழுது சாயும்போது காற்று சுருங்கி ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். நம் ஊர் வெப்பத்துக்கு மெதுவாக இறுகும் ஹார்ட்னரே ஏற்றது. கலந்ததைக் குவளையிலேயே விட்டுவைத்தால் தானே சூடேறிப் புகைந்துவிடும். உடனே அகன்ற தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

வங்கக்கரை:

மிக்க நன்றி, ஐயா. மேடையைக் கழற்றித் துரப்பணம் போட்டுப் பார்த்துவிட்டோம். பின்சுவரில் வந்த தூள் உலர்ந்தே இருந்தது. மேடையில் ஏறத்தாழப் பாதிப் பரப்பு கறுத்திருக்கிறது. இப்போது ஒரு சந்தேகம். எபாக்சியின் விலை அதிகம் என்று, படகு கட்டப் பயன்படுத்தும் பாலியஸ்டர் ரெசினையும் மேட்டையும் (கண்ணாடியிழைகளைப் பசையால் பிணைத்த விரிப்பையும்) பட்டறையில் பரிந்துரைக்கிறார்கள். அது நிற்குமா?

தச்சன்துறை:

புதிதாக அச்சில் வார்க்கும்போது பாலியஸ்டர் நன்றாகவே நிற்கும். பழைய, இறுகிப்போன ஃபைபரின்மேலும் மரத்தின்மேலும் எபாக்சிக்கு உள்ள பிடிப்பு அதற்கு இல்லை. இந்தச் சிறு பரப்புக்கு விலை வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் எபாக்சியோடு சாதாரண மேட்டைச் சேர்க்காதீர்கள். அந்த மேட்டின் இழைகளைப் பிணைத்திருக்கும் பசையைக் கரைப்பது பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீன். எபாக்சியில் அது இல்லாததால் மேட் விறைத்தே நிற்கும். நெய்த கண்ணாடியிழைத் துணியோ, இழைகளை இரு திசைகளில் அடுக்கித் தைத்த துணியோ வாங்குங்கள். வெட்டுக்கோட்டின் இருபுறமும் தோலின் கனத்தைப் போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, அதாவது 4 மில்லிமீட்டர் தோலுக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் சரிவு கொடுத்து, துணியை அடுக்குங்கள். எபாக்சி இறுகியதும் மேலே மெழுகுபோல் படிவதைத் தண்ணீர்விட்டுத் தேய்த்துக் கழுவிய பின்னரே உப்புத்தாள் போடுங்கள். எபாக்சியின்மேல் ஜெல்கோட் (ஃபைபர் படகின் வழக்கமான வெளிப்பூச்சு) சரியாகப் பிடிக்காது. இரண்டு பாகமாக வரும் பாலியூரித்தேன் பெயின்ட் அடித்துவிடலாம்.

அலைவாய்:

பட்டறையில் பாலியஸ்டர் வேலையும் நடக்கிறது என்பதால் ஒரு எச்சரிக்கை: பாலியஸ்டரை இறுகவைக்கச் சேர்க்கும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக்கூடாது; தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை முதலில் ரெசினில் முழுமையாகக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட். தேய்ப்பவர்கள் முழுக்கைச் சட்டையும் தூசிக் கவசமும் அணியட்டும்.

கடைசியாக, ஏணியின் போல்ட் துளைகள். தண்ணீர் உள்ளே வந்த வாசல் அவைதான். ஒவ்வொரு துளையையும் போல்ட்டைவிடப் பெரிதாகத் துளைத்து, கெட்டி எபாக்சியால் அடைத்து, இறுகிய பின் நடுவில் சரியான அளவுக்கு மறுபடி துளையிடுங்கள். இனி போல்ட்டைச் சுற்றி நீர் புகாமல் அடைக்கும் சீலன்ட் விட்டுப்போனாலும் தண்ணீர் பலகையைத் தொடாது. துளையின் வாயைச் சற்றே சாய்வாக விரித்தால் சீலன்ட் வளையமாகத் தங்கும். அடியில் சிறு வாஷர்களுக்குப் பதிலாக 316 ரகத் துருப்பிடிக்காத எஃகில் ஒரே அகலத் தகடு போடுங்கள். உங்கள் மேல்தோலில் மயிரிழை விரிசல்கள் விழுந்ததற்கு, ஆள் ஏறும்போது பாரம் முழுவதும் அந்தச் சிறு வாஷர்களின்மேல் இறங்கியது காரணமாக இருக்கலாம்.