குடியேறும்போது சலுகை தரும் வாடகை வீடுகள்: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். புறநகர்ச் சிற்றூரில் இரண்டு படுக்கையறை அபார்ட்மெண்ட் தேவை. "ஒரு மாத வாடகை இலவசம்" போன்ற சலுகை தரும் குடியிருப்புகள் தெரிந்தால் சொல்லுங்கள். புதிதாகக் கட்டி, இன்னும் ஆள் நிரம்பாத இடங்களில்தான் இது அதிகம் கிடைக்கும்.

சலுகையை முதல் மாதமே கழிக்கிறார்களா, 12 மாதத்துக்கும் பிரிக்கிறார்களா? ஓராண்டு ஒப்பந்தத்தில் ஒரு மாதம் இலவசம் என்றால் சராசரியாகச் சுமார் 8 சதவீதம்தான் குறையும். பார்க்கிங், குப்பைக் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் அதுவும் கரைந்துவிடும். இடையில் காலி செய்தால் சலுகைத் தொகையைத் திருப்பிக் கேட்பார்களா? புதுப்பிக்கும்போது உயர்வைப் பெரும்பாலும் முழு வாடகையின் மேல்தான் போடுவார்கள். அதனால் இரண்டாம் ஆண்டு எவ்வளவு ஏறியது என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். வாய்வார்த்தை போதாது, ஒப்பந்தத்திலேயே எழுதித் தருபவர்களாக இருந்தால் நல்லது.