கலைச்சொல் வேண்டல்: ‘ஸ்க்ரோல் சா’ (திங்கட்கிழமைக்குள்)

கோத்தகிரி, மொழிபெயர்ப்பாளர்:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வீட்டில் பொழுதுபோக்காக மரவேலை பழகுவோருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வரும் திங்களன்று அது அச்சுக்குப் போகிறது. இங்கே வார இறுதியில் நடக்கும் வகுப்பில் பள்ளி மாணவர்களும் பணி ஓய்வு பெற்றவர்களும் அடுத்தடுத்து அமர்ந்து, தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்த்து வெட்டிய சில்வர் ஓக் பலகையில் மலை ரயில், குறிஞ்சிப் பூ, எருமைத் தலை ஆகியவற்றை அறுத்துப் பழகுகிறார்கள். அவர்கள் கையாளும் ‘ஸ்க்ரோல் சா’ என்னும் கருவிக்குத்தான் எனக்குச் சொல் அகப்படவில்லை.

கருவியைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு கைகளுக்கிடையே 5 அங்குல நீளமுள்ள மெல்லிய பல் தகடு விறைப்பாகப் பூட்டப்பட்டிருக்கும். மோட்டார் அதனை மேலும் கீழுமாக ஓட்டும். நாம் பலகையை மேசைமேல் வைத்து, வரைந்த கோட்டின்மேல் தகடு செல்லும்படி கையால் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இதன் தனிச்சிறப்பு உள்வெட்டு. பலகையின் விளிம்பைத் தொடாமல் நடுவில் ஒரு துளையிட்டு, தகட்டின் மேல்முனையைக் கழற்றித் துளை வழியே நுழைத்து, மீண்டும் பூட்டி, உள்ளிருந்தே ஒரு வடிவத்தை அறுத்தெடுக்கலாம். முனையற்ற வளையமாக ஓடும் பட்டை ரம்பத்தால் இது ஆகாது.

உள்வெட்டு, அடுக்கு வெட்டு (பல பலகைகளை அடுக்கி ஒருசேர அறுப்பது), எதிர்ப்பல் (தகட்டின் கீழ்ப்பகுதியில் மேல்நோக்கி இருக்கும் பல்) ஆகியவற்றை ஏற்கெனவே எழுதிவிட்டேன். அவற்றில் எனக்கு ஐயமில்லை. கருவிக்கு மட்டும் ‘சுருள்வாள்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். தங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

உதகை, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

அம்மையீர், சுருள்வாள் வேண்டா. சிலம்பம் ஆடுவோர் சுருட்டி வைத்திருந்து வீசும் வளையும் ஆயுதத்துக்கு அப்பெயர் முன்பே உரியதாகிவிட்டது. மாணவனின் பெற்றோர் கையேட்டைப் பார்த்தால் வகுப்புக்கு அனுப்பவே அஞ்சுவர். மேலும், ஆங்கிலப் பெயரில் உள்ள சுருள் தகட்டைக் குறிப்பதன்று. தகடு நேராகத்தான் நிற்கிறது. அறுத்தெடுக்கும் சுருள்கொடி வேலைப்பாட்டையே அது குறிக்கிறது. அவ்வேலைப்பாட்டை நம் சிற்பிகள் கொடிக்கருக்கு என்பர். கருக்கு என்பதற்குப் பல்லுள்ள விளிம்பு என்னும் பொருளும் உண்டு. பனங்கருக்கில் கை கிழிபட்டவர்க்கு விளக்கம் தேவையில்லை. ஆகவே ‘கருக்குவாள்’ என்றால், கருவியின் பல்லும் அது செய்யும் வேலையும் ஒரே சொல்லில் அடங்கிவிடும்.

வாள் என்பது போர்க்கருவியாயிற்றே என்று எவரும் தடை எழுப்புவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். ‘நாளென ஒன்றுபோற் காட்டி உயிரீரும் வாள்’ (குறள் 334) என்ற இடத்தில் வாள் ஈர்வது. ஈர்வது என்றால் இழுத்து இழுத்து அறுப்பது. அது மரம் அறுக்கும் வாள்தான்.

கொடைக்கானல், தச்சர்:

ஐயா, குறள் சரி. ஆனால் மலையை விட்டு இறங்கிப் பழனிப் பக்கம் எந்த இரும்புக் கடையிலும் கருக்குவாள் கேட்டால், கதிர் அறுக்கும் கருக்கரிவாளைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். பட்டறையில் வாள் என்று சொல்லி நான் கேட்டதில்லை, எல்லாமே ரம்பம்தான். இந்தத் தகடு ஊசிபோல் மெலிந்தது, துளைக்குள் நுழைவது. ‘ஊசி ரம்பம்’ என்று வைத்தால் வேலை முடிந்தது.

கையேட்டில் இன்னொன்றையும் தெளிவாக எழுதுங்கள். முனையில் குறுக்குமுள் வைத்த தகடும் உண்டு, முள்ளில்லாத தகடும் உண்டு. முள் வைத்ததை நுழைக்க ஏறக்குறைய 5 மி.மீ. துளை வேண்டியிருக்கும், முள்ளில்லாதது 1.5 மி.மீ. துளையிலேயே போய்விடும். குறிஞ்சிப் பூவின் இதழிடுக்கில் 5 மி.மீ. துளை போட்டால், அறுப்பதற்கு முன்பே பூ போய்விடும். இயந்திரம் வாங்குகிறவர்கள் பெயரைவிட இதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

உதகை, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

முள்ளைப் பற்றிய குறிப்பு மிகவும் பயனுள்ளது, நன்றி. ரம்பத்தை மட்டும் ஏற்பதற்கில்லை. ரகரம் தமிழில் மொழிக்கு முதலாகாது என்பதைத் தொல்காப்பியம் அறிந்த இக்குழுவுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. அரம்பம் என்றே எழுதுக. அரம், அராவுதல், அரம்பம் ஆகிய மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. வளைந்து நெளிந்து செல்லும் அரவும் அவ்வேரினதே என்று கொண்டால், வளைவுகளை அறுக்கும் கருவிக்கு அரம் என்னும் ஈறு எத்துணைப் பொருத்தம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

சான்றும் இருக்கிறது. அகநானூற்று 24ஆம் பாட்டு ‘வேளாப் பார்ப்பான் வாளரம் துமித்த’ என்று தொடங்குகிறது. வேள்வி செய்யாத பார்ப்பான் சங்கை அறுத்து வளையல் செய்த கருவி அங்கே வாளரம் எனப்படுகிறது. கடினப் பொருளை நுட்பமாக அறுத்து அணிகலன் ஆக்கிய கருவிக்குச் சங்கச் சான்றோர் வழங்கிய பெயர் கையில் இருக்கும்போது நாம் ஏன் புதிதாகப் படைக்க வேண்டும்? கருக்குவாளை விட்டுவிடுகிறேன். ‘வாளரம்’ என்றே வைப்போம்.

குன்னூர், ஓய்வு பெற்ற பொறியாளர்:

அரவு வரை போய்விட்டோம். இன்னும் ஒரு மடல் இதே வழியில் போனால் நாமே ரம்பமாகிவிடுவோம் என்பதால் குறுக்கிடுகிறேன். வாளரத்துக்கு எதிராக ஒரே ஒரு செய்தி: சங்கில் போடுவது நேர்வெட்டு. வளையலின் வட்டம் சங்குக்கே உரியது, அறுத்த கருவி தந்தது அன்று. வளைவை உண்டாக்குவதற்கென்றே இருக்கும் நம் கருவிக்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்?

ஆங்கிலத்தில் மட்டும் பெயர்கள் ஒழுங்காகவா அமைந்தன? 1760களில் இலண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் நிலப்படத்தை மரப்பலகையில் ஒட்டி, நாட்டெல்லை வழியே மெல்லிய கைரம்பத்தால் அறுத்துப் பிள்ளைகளுக்குப் புதிராக விற்றார். பிற்காலத்தில் அவ்வகைப் புதிர் முழுவதற்கும் ‘ஜிக்சா’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று கடையில் ஜிக்சா கேட்டால் கையில் பிடித்து ஓட்டும் வேறொரு இயந்திரம் வருகிறது. ஆகவே ஆங்கிலப் பெயரின் பொருளைத் துருவுவதைவிடக் கருவி எப்படி இயங்குகிறது என்று பார்த்துப் பெயரிடுவதே முறை.

தகட்டைப் பூட்டியதும் விறைப்புச் சரியா என்று பார்க்க என்ன செய்கிறோம்? விரலால் சுண்டுகிறோம். தளர்ந்திருந்தால் மந்தமாக அதிரும். விறைப்பேறியிருந்தால் யாழ் நரம்பு போலத் தெளிந்த மேல்சுரம் எழும். தளர்ந்த தகடு கோட்டை விட்டு ஓடும், தடித்த மரத்தில் வயிறு தள்ளி வளையும். இக்கருவியின் உயிரே இழுத்துக் கட்டிய நிலைதான். எனவே என் முன்மொழிவு ‘நரம்புவாள்’.

கோத்தகிரி, மொழிபெயர்ப்பாளர்:

நரம்புவாள் என்னை மிகவும் கவர்ந்தது. ஆதலால் நேற்றே வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “டீச்சர், இது ஆபரேஷனுக்கா?” என்று கேட்டாள். நரம்பு என்றால் யாழ் நினைவுக்கு வருவது இக்குழுவில் மட்டும்தான் போலும். ‘இழைவாள்’ என்றால் என்ன?

கொடைக்கானல், தச்சர்:

இழைப்பது இழைப்புளியின் வேலை. இழைவாள் என்றால், பலகையை வழவழப்பாக்கும் கருவி என்று நினைப்பார்கள்.

கூடலூர், நூலகர்:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வாள் என்றால் தச்சருக்கு ஆகவில்லை. ரம்பம் என்றால் ஆசிரியருக்கு ஆகவில்லை. ‘நுண்’ என்பதை முன்னே வைத்தால் இருவருக்கும் வழி பிறக்கிறது. நுண் + அரம்பம்: தனிக்குறில்முன் ஒற்று உயிர்வரின் இரட்டும் என்ற விதிப்படி ‘நுண்ணரம்பம்’. எழுதுவோர்க்கு அரம்பம் இருக்கிறது. கேட்போர் காதில் ரம்பம் விழுகிறது. கையேட்டில் இச்சொல் முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘ஸ்க்ரோல் சா எனப்படும் நுண்ணரம்பம்’ என்று எழுதினால் கடைக்காரருக்கும் புரியும்.

உதகை, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

புணர்ச்சி பிழையற்றது. வாளரத்தைக் கைவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அச்சகம் காத்திராது என்பதால் தடை சொல்லவில்லை.

குன்னூர், ஓய்வு பெற்ற பொறியாளர்:

நுண் என்பது கையால் இழுக்கும் ஃப்ரெட் சாவுக்கும் பொருந்துமே. அதற்கு என்ன செய்வீர்கள்? மற்றபடி, நுண்ணரம்பத்துக்குள் என் நரம்பு ஒளிந்திருப்பதை நூலகர் கவனித்தாரோ இல்லையோ, நான் கவனித்தேன். ஆதரவு.

கோத்தகிரி, மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் நன்றி. நூலகர் சொன்ன வடிவிலேயே நுண்ணரம்பம் என்று எழுதுகிறேன். கையால் இழுப்பதைக் கை நுண்ணரம்பம் என்று பிரித்துவிடுகிறேன். ஆசிரியர் ஐயாவின் மறுப்பை முன்னுரையில் ஒரு வரியில் குறிப்பேன். இயந்திரத்தின் அளவைச் சொல்லும்போது தகட்டுக்கும் பின்தூணுக்கும் இடைப்பட்ட தொலைவைத் ‘தொண்டை’ என்று ஆங்கிலத்தில் சொல்கிறார்கள். 16 அங்குலத் தொண்டை என்று எழுத மனம் வரவில்லை. ‘உள்வீச்சு’ என்று போடலாமா?

கொடைக்கானல், தச்சர்:

உள்வீச்சு போடுங்கள், புரிகிறது. நுண்ணரம்பத்தை நான் எதிர்க்கவில்லை, ஆனால் என் பட்டறையில் ஊசி ரம்பம்தான். கையேடு வந்ததும் பத்துப் படி அனுப்புங்கள். மழைக்காலத்தில் தகட்டை எண்ணெய்த் தாளில் சுற்றி வைக்கச் சொல்லி ஒரு வரி சேருங்கள், இந்த ஈரத்தில் துரு ஏறிவிடும்.

உதகை, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

உள்வீச்சில் வீச்சு எங்கே இருக்கிறது? அங்கே எதுவும் வீசப்படவில்லையே. ‘அகலிடை’ என்பதைக் குழு எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். விரிவாக இன்றிரவு எழுதுகிறேன்.