எக்ஸ்-விங்குக்கு ‘இருவரிப் பூட்டு’: சுடோகு கலைச்சொற்கள் பற்றி

நண்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் இங்கே வந்த சுடோகு சொற்பட்டியலைப் பார்த்தேன். நிரை (கிடைவரி), நிரல் (நெடுவரி), பெட்டி (3x3 சதுரம்), கட்டம் (ஒரு எண் எழுதும் இடம்) நான்கையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நிரையும் நிரலும் பள்ளிக் கணக்கில் அணிகள் பாடத்திலேயே இருப்பதால் பிள்ளைகளுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டிய வேலையும் இல்லை. ஆனால் புதிரை விடுவிக்கும் உத்திகளில் எக்ஸ்-விங்குக்குப் ‘பெருக்கல் சிறகு’, ஸ்வார்டுஃபிஷ்ஷுக்கு ‘வாள்மீன்’, ஜெல்லிஃபிஷ்ஷுக்குச் ‘சொறிமீன்’ என்று போட்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தண்டையார்பேட்டையில் ஞாயிறு சாயங்காலம் மொட்டைமாடியில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சுடோகு சொல்லித்தருகிறேன். காசிமேட்டிலிருந்து வரும் ஒரு பையன் நல்ல சூட்டிகை. ‘வாள்மீன்’ என்ற சொல்லைக் கேட்டதும் கட்டங்களைக் கோடு போட்டு இணைத்து, மீன் மாதிரி ஏதாவது வருகிறதா என்று தேட ஆரம்பித்துவிட்டான். “அண்ணா, மூக்கு எந்தப் பக்கம்?” என்று கேட்டான். அவன் தேடியதில் தப்பே இல்லை, அப்படித் தேடச் சொன்னது அந்தப் பெயர்தான். உத்திக்கும் மீனுக்கும் சம்பந்தம் கிடையாது.

முதலில் எக்ஸ்-விங் என்ன செய்கிறது என்று பாருங்கள். 7-ஐ எடுத்துக்கொள்வோம். 2-ஆம் நிரையில் 7 வரக்கூடிய இடம் 3-ஆம் நிரலும் 8-ஆம் நிரலும் மட்டும்தான். 6-ஆம் நிரையிலும் அதே 3, 8 மட்டும்தான். மேலே 7 மூன்றில் உட்கார்ந்தால் கீழே எட்டில்தான் உட்கார வேண்டும், மேலே எட்டு என்றால் கீழே மூன்று. எது நடந்தாலும் அந்த இரண்டு நிரல்களுக்கான 7-உம் இந்த இரண்டு நிரைகளுக்குள்ளேயே முடிந்துபோகிறது. ஆகவே 3-ஆம், 8-ஆம் நிரல்களில் மற்ற கட்டங்களில் பென்சிலில் எழுதி வைத்திருக்கும் 7 எல்லாவற்றையும் அழித்துவிடலாம். விடை எந்தப் பக்கம் என்று தெரியாமலேயே அழிக்கிறோம், இந்த உத்தியின் அழகே அதுதான்.

ஆகவே ‘இருவரிப் பூட்டு’ என்கிறேன். இரண்டு வரிகள் சேர்ந்து ஒரு எண்ணைப் பூட்டிவிடுகின்றன. ‘இருநிரை’ என்று வைக்கலாமே என்று ஒரு அண்ணன் தனிமடலில் கேட்டிருந்தார். வேண்டாம், இதே உத்தி நிரல்களிலிருந்து தொடங்கி நிரைகளில் அழிக்கவும் பயன்படும், வரி என்றால் இரண்டுக்கும் பொருந்தும்.

இந்தப் பெயரின் பலன் அடுத்த படியில்தான் தெரியும். ஸ்வார்டுஃபிஷ் என்பது இதே விஷயம் மூன்று வரிகளில் நடப்பது, ஜெல்லிஃபிஷ் நான்கு வரிகளில். ‘மூவரிப் பூட்டு’, ‘நால்வரிப் பூட்டு’ என்றால் போதும், இருவரியைப் புரிந்துகொண்ட பிள்ளை மீதியைத் தானே ஊகித்துக்கொள்ளும். இங்கே ஒரு இடத்தில் எல்லோரும் தடுக்குவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். மூவரிப் பூட்டில் ஒவ்வொரு நிரையிலும் மூன்று இடமும் இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. 4 என்ற எண்ணுக்கு 1-ஆம் நிரையில் 2, 5 ஆகிய நிரல்கள், 4-ஆம் நிரையில் 5, 9 ஆகிய நிரல்கள், 8-ஆம் நிரையில் 2, 9 ஆகிய நிரல்கள் என்று வந்தாலும் பூட்டு விழுந்ததுதான். மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால் மூன்று நிரைகளும் 2, 5, 9 என்ற மூன்றே நிரல்களுக்குள் அடங்கிவிடுகின்றன அல்லவா? வடிவத்தைத் தேடுகிறவர்கள் இதைத் தவறவிடுவார்கள், எண்ணுகிறவர்கள் பிடித்துவிடுவார்கள்.

பூட்டு என்றால் லாக்டு கேண்டிடேட்ஸ் என்ற உத்தியோடு மோதுமே என்று ஒரு கேள்வி வந்தது. நியாயமான கேள்வி. ஒரு பெட்டிக்குள் ஒரு எண் ஒரே வரியில்தான் வர முடியும் என்றால், பெட்டிக்கு வெளியே அந்த வரி முழுக்க அந்த எண்ணை அழிப்பது அது. அதற்குப் ‘பெட்டிப் பூட்டு’ என்று வைத்துவிட்டால் மோதல் இல்லை, ஒரே குடும்பம் என்பதும் தெரிகிறது.

மூலப்பெயரை விட்டு விலகலாமா என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1979-இல் அமெரிக்காவில் டெல் நிறுவனத்தின் புதிர் இதழில் இந்தப் புதிர் வந்தபோது அதன் பெயர் ‘நம்பர் ப்ளேஸ்’. 1984-இல் ஜப்பானில் நிக்கோலி நிறுவனம் அதை வெளியிட்டபோது அந்தப் பெயரை மொழிபெயர்க்கவில்லை. எண்கள் தனித்தே இருக்க வேண்டும் என்ற விதியையே நீளமான பெயராக வைத்தார்கள், அது சுருங்கித்தான் சுடோகு. அவர்களுக்கு இருந்த உரிமை நமக்கும் உண்டு. இணையத்தில் தேட வசதியாக எக்ஸ்-விங், ஸ்வார்டுஃபிஷ் என்று பக்கத்திலேயே ஒரு தடவை எழுதிவிட்டால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேண்டிடேட்டுக்கு (ஒரு கட்டத்தில் வரக்கூடிய எண்) ‘வேட்பாளர்’ கூடவே கூடாது, தேர்தல் வாசனை அடிக்கிறது. ‘வாய்ப்பெண்’ என்று சேர்த்து எழுதினால் வாசிக்கிறவர் வாயையும் பெண்ணையும் பிரித்துக்கொண்டு திண்டாடுவார். எங்கள் மாடியில் பிள்ளைகள் தாங்களாகவே ‘பென்சில் எண்’ என்கிறார்கள். எனக்கு அதுவே போதும் என்று படுகிறது. அச்சில் வரும் எண்ணுக்குக் ‘கொடுத்த எண்’. (கொடுத்த எண்கள் 17-க்குக் குறைந்தால் ஒரே விடை கொண்ட புதிர் அமையாது என்று 2012-இல் டப்ளினில் கணினி வழியாக நிறுவினார்கள். ஆனால் கொடுத்தது குறைந்தால் புதிர் கடினமாகிவிடும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், 17 எண்ணோடு வரும் பல புதிர்கள் சுலபமாகவே விழும்.) நேக்கட் பேருக்குத் (ஒரே வரியில் அல்லது பெட்டியில் இரண்டு கட்டங்களில் அதே இரண்டு பென்சில் எண்கள் மட்டும் இருப்பது) ‘திறந்த ஜோடி’, ஹிட்டன் பேருக்கு (இரண்டு எண்கள் அதே இரண்டு கட்டங்களில் மட்டும் வர முடிவது, அங்கே வேறு பென்சில் எண்களும் கலந்திருக்கும்) ‘ஒளிந்த ஜோடி’. ஒரு கட்டத்தோடு நிரை, நிரல், பெட்டி மூன்றில் எதையாவது பகிரும் 20 கட்டங்களுக்கு ‘உறவுக் கட்டங்கள்’.

எனக்கு இன்னும் நிறைவு தராதது எக்ஸ்-ஒய் விங் என்ற உத்தியின் பெயர் ஒன்றுதான். நடுக் கட்டத்தில் பென்சில் எண்கள் 2, 5 மட்டும். அதன் உறவுக் கட்டம் ஒன்றில் 2, 8. இன்னொரு உறவுக் கட்டத்தில் 5, 8. நடுவில் 2 விழுந்தால் முதல் உறவு 8, 5 விழுந்தால் இரண்டாவது உறவு 8. ஆக, அந்த இரண்டுக்கும் உறவான எந்தக் கட்டத்திலும் 8 இருக்க முடியாது. கதவு எந்தப் பக்கம் திரும்பினாலும் கீல் ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி இருப்பதால் நடுக் கட்டத்தைக் ‘கீல்’ என்கிறேன். உத்திக்கு இப்போதைக்கு ‘முக்கட்டக் கீல்’ என்று வைத்திருக்கிறேன், வாய்க்குச் சரளமாக வரவில்லை. யாருக்காவது இதைவிட நல்லது தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், சனிக்கிழமை பயிற்சித்தாளை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுக்க வேண்டும்.